எந்த இடது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். படகில் எனக்கு பாய்லர் என்று பெயர். அந்தப் படகில் பாய்லரே கிடையாது, இரண்டு டீசல் இன்ஜின்தான். கொதிக்கிற சாமான் நான் ஒருத்தன்தான் என்று அந்தப் பெயரை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களை ஏற்றிப் போகிற படகு அது. ஆழம் இல்லாத ஆறு, அடியில் கொடி மண்டிக் கிடக்கும். பின்னால் விசிறி வைத்த படகு எதுவும் பாதித் தூரம்கூடத் தாண்டாது, கொடி சுற்றிக்கொண்டு நின்றுவிடும். அதனால் எங்களுடையது சக்கரப் படகு. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே ஒவ்வொரு சக்கரம், சக்கரத்தைச் சுற்றிலும் மரப்பலகைகள். தண்ணீரை அறைந்து அறைந்துதான் அது முன்னே போகும். இடது சக்கரத்துக்கு ஓர் இன்ஜின், வலதுக்கு ஓர் இன்ஜின். இரண்டு லீவரும் கீழே என் கையில்.

சுக்கானும் உண்டு. வேகமாகப் போகும்போது அது சொன்ன பேச்சைக் கேட்கும். துறை நெருங்கி வேகம் குறைந்துவிட்டால் மேலே கேப்டன் என்னதான் திருகினாலும் படகு அசைந்து கொடுக்காது. அங்கே சக்கரம்தான் எல்லாம். ஒன்றை முன்னேயும் மற்றதைப் பின்னேயும் ஓட்டினால் படகு நின்ற இடத்திலேயே சுற்றும். இடது சக்கரம் முன்னே போனால் படகின் மூக்கு வலது பக்கம் திரும்பும். வலது சக்கரம் முன்னே போனால் மூக்கு இடது பக்கம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கீழே எனக்கு ஜன்னல் இல்லை. கேப்டன் அறையிலிருந்து ஒரு பித்தளைக் குழாய் இறங்கி வந்து என் காதுப் பக்கம் வாய் திறந்திருக்கும். அதில் வருகிற வார்த்தைதான் எனக்குக் கண். பழைய கேப்டன் ஒற்றை வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். "இடது" என்றால் இடது சக்கரம் முன்னே, வலது பின்னே. "வலது" என்றால் அதற்கு நேர்மாறு. படகு எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவர் கவலை, எந்தச் சக்கரம் என்பது என் கவலை. அவர் வேலையை விட்டுப் போனார். அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தது என் அக்கா புருஷன்.

மாமா அதற்கு முன்பு ஓட்டியதும் சக்கரப் படகுதான். ஆனால் அதில் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அச்சு, ஒரே இன்ஜின். இரண்டும் சேர்ந்துதான் சுற்றும், திருப்புவதெல்லாம் சுக்கானை வைத்துத்தான். தனித்தனிச் சக்கரத்தை அவர் கற்றது பொம்மைப் படகில். அளவு பிசகாமல் சின்னச் சின்னச் சக்கரப் படகு செய்து, கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு குளத்தில் போட்டி போடுவார்கள் இல்லையா, அதில் அவர் பெரிய ஆள். வீட்டு அலமாரி முழுக்கக் கோப்பை. பொம்மையில் குச்சியை இடது பக்கம் தள்ளினால் படகு இடது பக்கம் போகும். எந்தச் சக்கரம் எப்படிச் சுற்ற வேண்டும் என்பதை உள்ளே இருக்கிற கம்பிகள் பார்த்துக்கொள்ளும். எனவே அவர் வாயில் "இடது" என்றால் படகு இடது பக்கம் போக வேண்டும் என்று அர்த்தம். என் காதில் "இடது" என்றால் இடது சக்கரம். இரண்டும் நேர் எதிர்.

அக்கா அந்தப் படகில் கயிற்றுக்காரி. துறை வரும்போது படகின் மூக்கில் நின்று, கயிற்றோடு துறைப்படிக்குத் தாவி, தூணில் கட்டுவது அவள் வேலை. படகும் துறையும் இடித்துக்கொண்டால் நடுவில் மாட்டுவது அவள்தான். இது எனக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும்.

முதல் நாளே துறை கிட்டத்தில் வந்ததும் குழாயில் "இடது" என்று வந்தது. கொடுத்தேன். படகு வலது பக்கம் சிலுப்பிக்கொண்டு, பின்பக்கத்தால் துறையை ஓர் அறை அறைந்தது. பலகைகள் பிளக்கும் சத்தம் கீழே எனக்கே கேட்டது. சைக்கிளோடு நின்றிருந்த ஒரு பெரியவர் குப்புற விழுந்து முன்பல் இரண்டையும் தளத்திலேயே விட்டுவிட்டார். அக்கா தாவுவதற்கு முன்பே நடந்ததால் தப்பித்தாள்.

மாமா ஏணியில் இறங்கவில்லை, குதித்தார்.

"இடதுன்னா என்னன்னு தெரியாதா உனக்கு? எந்தக் கையால சாப்பிடுறன்னாவது தெரியுமா?"

"இடது சக்கரத்தத்தான் குடுத்தேன்."

"சக்கரத்த யாருடா கேட்டா? படகு இடது பக்கம் போகணும்னு சொன்னேன்."

"படகு எங்க போகணும்னு நீங்க பாருங்க மாமா. எந்தச் சக்கரம்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க. என்னப் பொம்மைன்னு நெனச்சுட்டீங்களா?"

பளாரென்று கன்னத்தில் விழுந்தது. என் அப்பாகூட என்னை முகத்தில் அடித்ததில்லை. கையில் இருந்த ஸ்பானரை வீசினேன். கை தவறிவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், குறி பார்த்துத்தான் வீசினேன். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்க, கண் தெரியாமலேயே என் மேல் பாய்ந்தார். சூடான இன்ஜின் மேல் இருவரும் விழுந்தோம், அவர் முழங்கையும் என் முதுகும் வெந்தன. அக்கா வந்து இரண்டு பேர் தலைமயிரையும் பிடித்து மண்டையோடு மண்டை மோதவிட்டாள். கயிறு இழுத்துக் காய்த்த கை அது. இரண்டாவது மோதலில் நாங்கள் அடங்கினோம்.

துறை மேலாளர் எங்களைக் கூப்பிட்டு, "உங்க ரெண்டு பேருல யாராவது ஒருத்தர் மாத்திக்குங்கப்பா, ஊர் உலகத்துல இல்லாத சண்டையா இது" என்றார். நான் ஏன் மாற வேண்டும் என்றேன். கேப்டன் நானா அவனா என்றார் மாமா. அத்தோடு முடிந்தது பஞ்சாயத்து.

அதற்குப் பிறகு படகு எப்படி ஓடியது என்றால், திட்டி ஓடியது. அவர் ஒற்றை வார்த்தை சொல்ல மாட்டார், எனக்கு மூளை இல்லை என்பது அவர் கட்சி. "படகு இடது பக்கம் போகணும், வலது சக்கரத்தப் போடுடா தடிமாடு" என்று குழாயில் கத்துவார். நானும் சும்மா இருக்க மாட்டேன். "வலது சக்கரம்தான, போட்டாச்சு. கத்தாதீங்க, எனக்குக் காது இருக்கு" என்பேன். "காது ரெண்டு இருக்கு, நடுவுலதான் ஒண்ணும் இல்ல" என்று மேலேயிருந்து வரும். "நடுவுல இருக்கறவன்தான் உங்கள கரை சேக்கறான்" என்று கீழேயிருந்து போகும். பயணிகள் குழாய்ப் பக்கம் இடம் பிடித்து நிற்க ஆரம்பித்தார்கள். தினமும் வருகிற ஒரு டீச்சர், "நேத்து சொன்னதையே இன்னைக்கும் சொல்றீங்களே, புதுசா ஒண்ணும் இல்லையா" என்று மாமாவைக் கேட்டுவிட்டாள். குழாய்க்குத் திட்டுக்குழாய் என்று பெயரே வந்துவிட்டது.

அந்த நாட்களில் படகு துறையை ஒரு தடவைகூட உரசவில்லை. அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

மாமா விடுகிற ஆள் இல்லை. எங்கள் படகையே அளவெடுத்து ஒரு பொம்மை செய்தார். சக்கரக் கூண்டு, புகைக்குழாய், கைப்பிடிக் கம்பி, எல்லாம் அப்படியே. சக்கரப் பலகைகளைத் தகரத்தில் வெட்டிக் கொடுத்தது அக்கா, அவள் விரலெல்லாம் கீறல். படகு பழுது பார்க்கிற பட்டறைக்குப் பின்னால் சிறு படகுகளுக்கு ஓட்டை பார்க்கிற தண்ணீர்த் தொட்டி உண்டு. படகு ஓடாத ஒரு நாள் பட்டறை ஆட்களையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு அதில் பொம்மையை இறக்கினார்.

இருக்கிறதைச் சொல்ல வேண்டும், அற்புதமாக ஓட்டினார். ஒரு காலி டப்பாவை மிதக்கவிட்டு, அதைத் தொடாமல் அதைச் சுற்றி ஒரு வட்டம். பிறகு டப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்றபடி ஒரு சுழற்சி. பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு வந்து தொட்டி ஓரத்தில் பூப்போல நிறுத்தினார். பட்டறைக்காரர்கள் கை தட்டினார்கள்.

"பொம்மையில கைய எடுத்தா நின்னுடும் மாமா" என்றேன். "நம்ம படகு நிக்குமா? லீவரப் பின்னால இழுத்தாலும் அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். எடைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"எடையப் பத்தி நான் பேசல. இங்க பாரு, இடதுன்னு தள்ளினேன், இடது பக்கம் போகுது. இந்தப் பொம்மைக்குப் புரியுது. உனக்குப் புரியல."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தொட்டிக்குள் இறங்கினேன். பொம்மையை இரண்டு கையாலும் தூக்கி, தொட்டிச் சுவரில் ஓங்கி அடித்தேன். கூண்டு தெறித்தது. மறுபடி அடித்தேன். சக்கரம் கழன்று என் கையில் வந்தது.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். அந்தத் தொட்டியில் தண்ணீர் இடுப்பளவுதான். மாமா பின்னாலிருந்து என் பிடரியைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கி, முதுகில் முழங்காலை வைத்து அழுத்தினார். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். மூச்சு முட்டியதும் உதறினேன், பிடி தளரவில்லை. தண்ணீர் மூக்கில் ஏறி நெஞ்சில் எரிந்தது. இந்த ஆள் என்னைக் கொல்லப் போகிறான் என்று தெளிவாகத் தெரிந்தது. கையில் இருந்த சக்கரத்தைப் பின்பக்கமாக வீசி இழுத்தேன். அக்கா வெட்டிய தகரம் அவர் கன்னத்தைக் காதிலிருந்து வாய் வரைக்கும் கிழித்தது. பிடி விட்டது. நான் எழுந்து, இருமிக்கொண்டே, விழுந்தவர் மேல் ஏறி உட்கார்ந்து இப்போது அவர் தலையை அமுக்கினேன். தொட்டித் தண்ணீர் சிவந்துவிட்டது.

அக்கா ஈரக் கயிற்றால் எங்களை அடித்தாள். பட்டறைக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து பிரித்தார்கள். நடுவில் யாருடைய முழங்கையோ பட்டு அக்காவின் உதடு பிளந்தது. அவர் முழங்கையா, என்னுடையதா என்று இன்று வரை தெரியாது.

அன்று சாயங்காலம் அக்கா என் அறைக்கு வந்தாள். உதடு வீங்கியிருந்தது. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அடுத்த தடவ ரெண்டுல ஒண்ணு பொணமாத்தான் வரும். எனக்கு ரெண்டு பேரும் வேணும்டா" என்றாள்.

"அவர்கிட்ட போய்ச் சொல்லு."

"அவரு கேக்க மாட்டாரு, அவரு புத்தி அப்படி. நீ புத்திசாலி. நீயாவது விட்டுக்குடு. விட்டுக்குடுத்தவன் கெட்டுப் போனதில்லடா."

"எப்படி விட்டுக்குடுக்கறது?"

"அவரு இடதுன்னா படகு இடது பக்கம் போகணும்னு எடுத்துக்கோ. அவ்வளவுதான. ஆனா விட்டுக்குடுத்தேன்னு அவர்கிட்ட சொல்லாத, ஜெயிச்சுட்டோம்னு குதிப்பாரு. நீ பாட்டுக்குச் செய்."

அழுதுவிட்டாள். சின்ன வயதில் எனக்குப் பதிலாக அடி வாங்கியவள், அவள் அழுதால் எனக்கு ஆகாது. சரி என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய் மாமாவிடமும் இதையே சொல்லியிருக்கிறாள். அவன் கேக்க மாட்டான், அவன் புத்தி அப்படி, நீங்க புத்திசாலி, நீங்களாவது விட்டுக்குடுங்க. அவன் பாஷையிலயே சக்கரத்தச் சொல்லுங்க. ஆனா அவன்கிட்ட சொல்லாதீங்க, தலைகால் புரியாம ஆடுவான். அவரும் சரி என்று அவள் தலையில் கை வைத்திருக்கிறார். இது எனக்குத் தெரியாது. எனக்குச் சொன்னது அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை, ஆற்றின் மேல்பக்கம் மழை பெய்திருந்ததால் தண்ணீரில் இழுப்பு அதிகம். மாமா கன்னத்தில் தையலோடு வந்தார். குழாயில், "ரெண்டும் முன்னே" என்றார், மரியாதையாக. "சரி மாமா" என்றேன், அதைவிட மரியாதையாக. மேலே யாரோ, "என்ன, இன்னைக்குச் சண்டைக்கு லீவா?" என்று கேட்டது காதில் விழுந்தது. நடு ஆறு முழுக்கச் சுக்கான் பார்த்துக்கொள்ளும், என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அவ்வளவு அமைதியாக அந்தப் படகு அதற்கு முன் ஓடியதே கிடையாது. எனக்கு உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது. அக்கா சொன்னது சரிதான், விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

துறை வந்தது. "ரெண்டும் நிறுத்து." நிறுத்தினேன். தலைக்கு மேலே தளத்தில் அக்காவின் காலடி முன்பக்கம் ஓடியது, தாவியது.

அந்தப் படியில் பாசி. கயிற்றோடு தாவியவள் வழுக்க, அவள் வலது கால் படிக்கும் படகுக்கும் நடுவில் தொடை வரைக்கும் இறங்கிவிட்டது. படகு இடது பக்கமாகத் துறையில் ஒட்டப் போகிறது, இழுப்பு மூக்கைத் துறைப் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. மூக்கை உடனே வலது பக்கம் இழுத்தால் கால் வெளியே வந்துவிடும். அதற்கு இடது சக்கரம் முன்னே போக வேண்டும். இதெல்லாம் மாமா மேலேயிருந்து பார்த்தது. எனக்கு இன்ஜின் சத்தத்தைத் தவிர ஒன்றும் தெரியாது.

குழாயில், "இடது."

ஒரே வார்த்தை. திட்டு இல்லை, சக்கரம் என்று இல்லை, பக்கம் என்று இல்லை. நான் பதில் பேசவில்லை. அக்கா தலையில் வைத்த கையை நினைத்துக்கொண்டேன். அவருடைய இடது, படகு இடது பக்கம் போக வேண்டும். வலது லீவரை முன்னே தள்ளினேன், இடதைப் பின்னே இழுத்தேன்.

மூக்கு துறையில் போய் உட்கார்ந்தது. எதன் மேலோ அழுந்துகிற மாதிரி இருந்தது.

"இடது, இடது."

இன்னும் கொடுத்தேன்.

"இடதுடா, இடதுடா, டேய்."

இவ்வளவு கெஞ்சுகிறாரே என்று முழு வேகத்தையும் கொடுத்தேன். அவர் கத்தக் கத்த நான் கொடுத்தேன். படகு முழுக்க அதிர்ந்தது, தலைக்கு மேலே ஆட்கள் ஓடினார்கள், வலது சக்கரம் தண்ணீரை அறைந்து அறைந்து படகைத் துறையோடு நெருக்கியது. பிறகு குழாயில் சத்தம் நின்றுபோனது. அந்த டீச்சர் ஏணியில் உருண்டு இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நிறுத்துடா பாவி, உங்க அக்காடா" என்றாள்.

நிறுத்தினேன். மேலே ஓடினேன். மாமா கேப்டன் அறையிலிருந்து குதித்து, படிக்கும் படகுக்கும் நடுவில் ஒரு கடப்பாரையைச் செருகி, வயிற்றால் நெம்பிக்கொண்டிருந்தார். கன்னத்துத் தையல் பிரிந்திருந்தது. நானும் போய் நெம்பினேன். படகு நகர்ந்தது. முழங்காலுக்குக் கீழே கால் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. துணி இருந்தது, எலும்பு இருந்தது. அக்கா கயிற்றை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"அடிங்க மாமா."

அவர் கையை ஓங்கவில்லை. "எந்த லீவரப் போட்ட?" என்றார்.

"வலது."

"ஏன்?"

"நீங்க இடதுன்னீங்களே. உங்க இடது."

மாமா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் சொன்னது உன் இடதுடா" என்றார்.

உள்ளே கூப்பிட்டார்கள். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பாதியில் தட்டையாகவும் இருந்தது. அக்கா விழித்திருந்தாள். எப்படி ஆச்சு என்று கேட்டாள். நாங்கள் மாறி மாறி, ஒருவர் மேல் ஒருவர் பழி போடாமல், சொன்னோம். தப்பு என்னுடையது என்று அவர் சொன்னார், இல்ல மாமா என்னுடையது என்று நான் சொன்னேன். அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருகிட்டயும் நான்தான் சொன்னேன்" என்றாள்.

மாமா அவள் கையைப் பிடித்தார். உதறினாள்.

"நீங்க திட்டிக்கிட்டு இருந்த வரைக்கும் எனக்கு ரெண்டு காலும் இருந்துச்சு. இப்ப எதுக்கு இந்த மரியாத? திட்டுங்க. ரெண்டு பேரும் திட்டுங்க, எனக்குக் கேக்கணும்."

மாமா வாயைத் திறந்து மூடினார். நானும் தேடிப் பார்த்தேன், அத்தனை நாள் குழாயில் கொட்டியதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவளே ஆரம்பித்தாள். தடிமாடு என்றாள், மூளை கெட்டவனே என்றாள். அவரைத் திட்டினாள், என்னைத் திட்டினாள். நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நாங்கள் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். எங்களைத் திட்டி முடித்து அவள் தன்னையே திட்டத் தொடங்கியபோது, மாமா அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.